இலைக்குப் பதில் புளியங்கொட்டை

அங்கன்வாடிப் பணியில் வீடு பார்வைக்குப் போகும்போது எடை, தடுப்பூசி விவரங்களோடு நான் இன்னொன்றையும் கவனிப்பேன்: பிள்ளை எதை வைத்து விளையாடுகிறது?

ஒரு வீட்டில் பாட்டி குறைப்பட்டார். "எந்நேரமும் மண்ணுலயே கிடக்குறா டீச்சர். நாலு எழுத்து எழுத வைங்க."

நான்கு வயதுப் பேத்தி திண்ணையோரம் காய்கறிக் கடை போட்டிருந்தாள். குச்சியின் இரு முனையிலும் கொட்டாங்குச்சி கட்டிய தராசு. "அரைக் கிலோ கீரை" என்றேன். ஒரு பக்கம் கல்லை வைத்து, மறுபக்கம் வேப்பிலையை அள்ளிப் போட்டாள். தட்டு இறங்கவில்லை. இன்னும் போட்டாள், இலை வழிந்து கீழே விழுந்தது. பாட்டி வாயைத் திறக்க, பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். குழந்தை தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலையைக் கொட்டிவிட்டுப் புளியங்கொட்டையை அள்ளினாள். "கீரை இல்லக்கா, பருப்பு வாங்கிக்கோங்க."

எடைக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த நோட்டில் எழுத வைத்து இப்படிப் புரியவைக்க முடியும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே இது தெரியாது. சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து பஸ் ஓட்டிய ஒரு பையனிடம், "அது தட்டுடா, கீழே வை" என்றேன். வைத்துவிட்டான். அன்று முழுக்க அவன் எதையும் ஓட்டவில்லை. குழந்தை குச்சியைக் குதிரையாக்கும்போதுதான் பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரிக்கக் கற்கிறது என்று ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் ஓர் உரையில் விளக்கியதைப் பின்னால் படித்தபோது அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது. சிறுமிகள் தாங்கள் கட்டிய சிற்றிலை, அதாவது விளையாட்டு மணல் வீட்டை, சிதைக்காதே என்று கெஞ்சுவதற்காகவே பிள்ளைத்தமிழில் ஒரு பருவம் இருக்கிறது. நான் சிதைத்திருக்கிறேன்.

கதையும் அப்படித்தான். காக்கா வடை கதையை வடை விழுந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். "இப்ப என்ன ஆகும்?" கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். பெரியவர்களுக்கு அந்த மௌனம்தான் கஷ்டம். பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஒருமுறை ஒரு வாண்டு சொன்னது: "நரி பாதி குடுத்துரும். அதுக்குப் பாட்டு பிடிச்சிருந்துச்சுல்ல." இத்தனை வருடம் இந்தக் கதையைச் சொல்லியும் எனக்கு அது தோன்றியதில்லை.

இரவு சோறூட்டும்போது ஒரு கதையை இப்படிப் பாதியில் விடுங்கள் என்றுதான் அம்மாக்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பொம்மை வாங்கச் சொல்வதில்லை.

அடுத்த மாதம் அதே வீட்டுக்குப் போனேன். பாட்டி திண்ணையோரம் குந்தி, கடனுக்குத் தக்காளி கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரி அசையவில்லை. "போன வாரப் பாக்கி என்னாச்சு ஆத்தா?"