மதுரை வெயிலில் மூன்று செடான்கள்: பராமரிப்பு நாட்குறிப்பு, 2025

பிப்ரவரி 9, ஞாயிறு

மதுரைப் பக்கம் பழைய சொகுசு செடான் தேடுகிறவர்களின் பேச்சு கடைசியில் மூன்று வண்டிகளில் வந்து நிற்கிறது. 2012 முதல் 2019 வரை வந்த பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் (எஃப்30), 2014 கடைசியில் இந்தியாவில் அறிமுகமான மெர்சிடிஸ் சி கிளாஸ் (டபிள்யூ205), ஆடி ஏ4. இந்த மூன்றின் பராமரிப்பு வேலைகளைத்தான் இங்கே தேதி போட்டு எழுதப் போகிறேன்.

3 சீரிஸின் டீசல் வகையான 320டி பின்சக்கர டிரைவ். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. முதலில் வந்த என்47 டீசல் எஞ்சினுக்கு 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர். பிறகு வந்த பி47-க்கு 190, 400. வளைவில் ஸ்டீயரிங் சொன்னபடி மூக்கைத் திருப்புவதில் மற்ற இரண்டும் இதற்குப் பின்னால்தான். சி கிளாஸ் டீசல் ஆரம்பத்தில் 170 குதிரைத்திறனும் ஏழு கியரும்; 2018-க்குப் பிறகு 194-உம் ஒன்பது கியரும். பின்சீட்டில் பெரியவர்களை உட்கார வைத்து நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அதுதான் வண்டி. 2016-இல் வந்த புதிய ஏ4 முன்சக்கர டிரைவ், உள்ளே சத்தம் குறைவு, டேஷ்போர்டு வேலைப்பாடு மூன்றிலும் நேர்த்தி. டீசல் ஏ4 வேண்டுமென்றால் பழையதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு ஆடி இந்தியாவில் டீசலை நிறுத்திவிட்டது.

இவற்றைத் தின்பது மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் அல்ல. ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் வெயில் தின்கிறது, டீசல் எஞ்சினைக் குறுகிய நகர ஓட்டம் தின்கிறது. காளவாசலுக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவில் மட்டுமே ஓடிய 40,000 கிலோமீட்டர் வண்டியைவிட, திருச்சிக்கும் நாகர்கோவிலுக்கும் போய்வந்த ஒரு லட்சம் கிலோமீட்டர் வண்டியின் எஞ்சின் பெரும்பாலும் ஆரோக்கியமாக இருக்கும். அதனால் எஞ்சின் ஆயிலைக் கணினி சொல்கிற நீண்ட இடைவெளிக்கு விடாமல் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். 320டி-க்குச் சுமார் ஐந்து லிட்டர், 5டபிள்யூ-30, டப்பாவில் 'லாங்லைஃப்-04' அனுமதி கட்டாயம் இருக்க வேண்டும். அது சாம்பல் குறைந்த ஆயில். வேறு ஆயில் ஊற்றினால் புகைக்கரியைப் பிடிக்கும் டீசல் ஃபில்டரில் சாம்பல் சீக்கிரம் சேர்ந்துவிடும், சாம்பல் எரியாது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று கியர்பாக்ஸ் ஆயில். 320டி-யில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் 8எச்பி. 'ஆயுள் முழுக்க அதே ஆயில் போதும்' என்று கார் விற்கிறவர்கள் சொல்வார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில், மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதுதான் சரி. ஆயில் பழசானால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற லாக்கப் கிளட்ச் வழுக்கிப் பிடிக்கும். 60, 70 வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது, ரோட்டில் வரிசையாகச் சின்னக் கோடுகள் போட்டதுபோல ஒரு நடுக்கம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான்.

தேவையானவை: இசட்எஃப் லைஃப்கார்டு 8 ஆயில் ஏழு லிட்டர், புது ஆயில் பேன் (கியர்பாக்ஸின் அடித்தொட்டி), புது போல்ட்டுகள். பேன் பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே சேர்ந்து வருவதால் ஃபில்டரை மட்டும் தனியாக மாற்ற முடியாது. ஏழு லிட்டரும் பேனும் ஒரே பெட்டியில் கிட்டாகவே கிடைக்கும்.

வண்டியை லிஃப்டில் மட்டமாக ஏற்றி அடித்தட்டைக் கழற்றுங்கள். முதலில் திறக்க வேண்டியது பக்கவாட்டில் இருக்கிற நிரப்பும் பிளக்கை. அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், வடித்த பிறகு ஊற்ற வழி இல்லாமல் வண்டி லிஃப்டிலேயே நிற்கும். அது திறந்த பிறகே வடிகால் பிளக். வடிந்த ஆயிலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேனின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தி இறக்கினால் இன்னும் கொஞ்சம் கொட்டும். பேனுக்குள் இருக்கும் காந்தங்களில் மைபோன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் உறுத்துகிற உலோகத் துணுக்கு இருந்தால் ஆயில் மாற்றம் மட்டும் போதாது.

புதுப் பேனை மாட்டுமுன் மேல்முகத்தைப் பஞ்சு விடாத துணியால் துடைக்க வேண்டும். கேஸ்கெட் பேனோடு இருக்கிறது, மேலே கம் தடவக் கூடாது. போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக 10 நியூட்டன் மீட்டர் வரை, டார்க் ரெஞ்சில். ஏர் கன்னால் முடுக்கினால் பிளாஸ்டிக் விரியும்.

இனி நுட்பமான பகுதி. நிரப்பும் துளை வழிகிற வரை ஊற்றி எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ஆர், டி என்று ஒவ்வொன்றிலும் சில வினாடி நிறுத்தி, மீண்டும் பி. ஆயில் உள்ளே இழுக்கப்படும், மறுபடி ஊற்றுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆயில் வெப்பம் 30-க்கும் 50-க்கும் நடுவில், 40-ஐ ஒட்டி இருக்கையில், துளையில் மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி. அப்போதே பிளக்கை மூடுங்கள். மூடாமல் எஞ்சினை நிறுத்தினால் கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் திரும்பி வந்து தரையில் கொட்டிவிடும்.

ஐரோப்பாவில் எழுதிய அந்த 30–50 கணக்கு மதுரை மதியத்தில் செல்லாது. ஒரு மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்த வண்டியின் கியர்பாக்ஸ் 70, 80 டிகிரியில் இருக்கும். லிஃப்டில் இரண்டு மணி நேரம் நின்றாலும் இறங்காது. சூட்டில் ஆயில் விரிந்திருக்கும், அந்த அளவில் மூடினால் ஆறிய பிறகு குறைவு. ஆகவே வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் கியர்பாக்ஸ் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டும், கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில்லை.

ஏழு கியர் சி கிளாஸுக்கு 236.15 அனுமதி உள்ள ஆயில் (7ஜி-டிரானிக் பிளஸ் என்றால்). பழைய ஏ4 டீசலில் வந்த மல்டிட்ரானிக், படிப்படியான கியர் இல்லாத சிவிடி வகை. அதற்கு அதன் தனி ஆயில், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மூன்றும் மூன்று திரவம். 'எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றுதான்' என்று ஒரே டிரம்மிலிருந்து ஊற்றுகிற கடைப் பக்கம் போகாதீர்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புங்கம்பூ கொட்டுகிற காலம். மரத்தடியில் நிற்கும் ஏ4-இல் பானட்டைத் தூக்கி, கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். பூவும் வேப்பிலையும் அங்கே மக்கிக் கிடக்கும். வடிகால் ஓட்டை அடைத்தால் மழைத் தண்ணீர் காலடிக் கம்பளத்துக்குள் வந்துவிடும்.

கத்திரிக்கு முன்னால் ஏசி கண்டன்சர் கழுவல். மேலூர்ப் பக்கம் கல்குவாரித் தூசியில் ஓடும் வண்டிகளில் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி கம்பளிபோலப் படியும். சாதாரண ஹோஸ் தண்ணீர், முடிந்தால் உள்ளிருந்து வெளியே. பிரஷர் பம்ப் அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்றே போகாது.

பேட்டரி 320டி-யில் டிக்கியின் வலப்பக்கம். ஏஜிஎம் வகைதான் போட வேண்டும், போட்ட பிறகு ஸ்கேனரில் 'புது பேட்டரி' என்று பதிய வேண்டும். பேட்டரி கிழடாகும்போது கார் அதற்கேற்ப சார்ஜ் செய்யும் முறையை மாற்றிக்கொண்டே வரும். பதியாவிட்டால் புதுசையும் பழசாகவே நடத்தி, அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

மே 13, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். ஊர் முழுக்க வண்டிகள் ஊர்ந்த இந்தச் சித்திரைத் திருவிழா வாரம் டீசல் ஃபில்டருக்கு, அதாவது டிபிஎஃப்புக்கு, ஆண்டிலேயே மோசமான வாரம்.

புகைக்கரியை டிபிஎஃப் பிடித்து வைத்து, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை சுமார் 600 டிகிரியில் தானே எரித்துக்கொள்கிறது. அதற்கு இடைவிடாத ஓட்டம் வேண்டும். எரியும்போது ஐடிலிங் கொஞ்சம் ஏறும், வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் சுற்றும், பின்னால் சூடான வாடை வரும். அந்த நேரத்தில் எஞ்சினை அணைப்பது பாதியில் பந்தியிலிருந்து எழுப்புவதுபோல. எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு குறையாமல் ஏறினால் அதுதான் அறிகுறி. உடனே ஆயிலை மாற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை மாட்டுத்தாவணி தாண்டி திருச்சி ரோட்டில் மேலூர், கொட்டாம்பட்டி வரை போய் வாருங்கள். எட்டாவது கியரில் சோம்பலாக அல்ல. கையால் ஐந்தோ ஆறோ வைத்து 2,000 சுற்றை ஒட்டி, இருபது நிமிடமாவது.

அப்படியும் அடைப்பு எச்சரிக்கை வந்தால் ஃபில்டரைக் குறை சொல்லும் முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கூலன்ட் 75 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை எரிப்பே தொடங்காது. டேஷ்போர்டில் எந்த விளக்கும் வராமலே இப்படி மாதக்கணக்கில் ஓடும். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி ஓட்டத்தில் வெப்பத்தைப் படித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்து, ஃபில்டரின் அழுத்த சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சின்னச் செலவு. ஃபில்டரைக் குடைந்து எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டத்துக்கும் புறம்பு, பின்னால் வருகிறவர்கள் மூக்குக்கும் கேடு.

தினமும் பத்து கிலோமீட்டருக்குள்தான் ஓட்டம் என்றால் டீசலே வேண்டாம். 1.4 பெட்ரோல் ஏ4 அல்லது பெட்ரோல் சி200 பாருங்கள்.

ஜூலை 27, ஞாயிறு

டயரும், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும்.

எஃப்30-க்குப் பொதுவாக 225/50 ஆர்17 ரன்ஃப்ளாட். காற்று முழுக்க இறங்கினாலும் 80 வேகத்துக்கு மேல் போகாமல் 80 கிலோமீட்டர் ஓடலாம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ராத்திரி பஞ்சரானால் அதன் அருமை தெரியும். விலையாகக் கொடுப்பது சொகுசு: பக்கச் சுவர் கட்டி, குழியில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் வளைவது பெரும்பாலும் உட்பக்க விளிம்பில், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. பேலன்ஸ் மெஷினில் டயரோடு சுழற்றி உள்விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண டயருக்கு மாறினால் சவாரி மெத்தென்று ஆகும். ஆனால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரெசரும் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும். என் ஓட்டு சாதாரண டயருக்குத்தான். வீல் போல்ட் 140 நியூட்டன் மீட்டர். சி கிளாஸுக்கு 130.

பிரேக் பிடிக்கும்போது 80–100 வேகத்தில் ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எஃப்30-இல் முன் சஸ்பென்ஷன் ஆர்ம் ஒன்றின் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கிறது. ரப்பர் வெடித்து அது கசிந்தால் இதே உதறல் வரும். புஷ்ஷைச் சுற்றி ஈரக்கறை தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

மாற்றும்போது நடக்கிற பெரிய தவறு இது: வண்டி லிஃப்டில், சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்தத் தொங்கல் நிலையில் பிடிபட்டு, வண்டி தரையில் நின்றதுமே முறுக்கேறிக் கிடக்கும். சில மாதத்தில் கிழியும். ஏற்றுமுன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பில் அளந்து எழுதுங்கள். ஹப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே கடைசி இறுக்கம். அதன் பிறகு வீல் அலைன்மென்ட்.

ஏ4-இன் முன்பக்கம் அலுமினிய ஆர்ம்கள் நிறைந்தது. மேல் ஆர்ம்களைப் பிடிக்கும் நீள போல்ட் அலுமினியத்துக்குள் இறுகிக்கொள்வது இந்த வடிவமைப்பின் பழைய தலைவலி. தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரையில் ஓடிய வண்டி என்றால் வாங்குமுன் அதைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கொடைக்கானல் போகிற வண்டிக்குப் பிரேக் ஆயில் இரண்டு ஆண்டு தாண்டக் கூடாது. டாட் 4 புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்கும்போது பெடல் பஞ்சுபோல ஆவது அதனால்தான். ஒரு லிட்டர் போதும், குறைந்த பிசுபிசுப்பு வகை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலக்கை ஸ்டீயரிங் வண்டியில் அது பின் இடது. இறக்கத்தில் கியரைக் கையில் எடுத்து இரண்டு, மூன்றில் விடுங்கள்.

பிரேக் பேட் தேய்மான சென்சார் 320டி-யில் முன் இடதிலும் பின் வலதிலும். விளக்கு எரிந்த பிறகு பழைய சென்சாரை மறுபடி மாட்ட முடியாது, பேட்டோடு சேர்த்தே வாங்குங்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி, மழை தொடங்கிவிட்டது. சன்ரூஃப் திறந்து மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக விட்டு, கீழே சொட்டுகிறதா பாருங்கள். சொட்டாவிட்டால் தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குடையலாம். ஏர் அடித்தால் குழாய் உள்ளே மூட்டிலிருந்து கழன்று, தண்ணீர் கூரைத் துணிக்குள் இறங்கும். மணிநகரம் கர்டர் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள். எஞ்சின் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கூலன்ட் டேங்கையும் பாருங்கள். வெளியே சொட்டு இல்லாமல் மட்டம் இறங்கினால் எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கிற இஜிஆர் கூலர் மேல் சந்தேகம் வர வேண்டும். உள்ளே கசியும் கூலன்ட்டும் புகைக்கரியும் சேர்ந்து சூட்டில் தீப்பற்றும் அபாயம் இருந்ததால், 2018-இல் பிஎம்டபிள்யூ உலகெங்கும் சுமார் 16 லட்சம் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று டீலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

வாங்கப் போகிறவர்களுக்கு. எஞ்சின் ஆறிய நிலையில்தான் பார்ப்பேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போய்ச் சேரும்போது பானட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலை வருகிறேன் என்று திரும்புங்கள். என்47, பி47 இரண்டிலும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. குளிரில் 1,500–2,000 சுற்றில் அங்கிருந்து உரசல் சத்தம் வந்தால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் வேலை நடக்காது. இந்தக் கெட்ட பெயர் 2011 வரை வந்த என்47-க்குத்தான் அதிகம். என் தேர்வு பி47.

ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவதில்லை. மற்ற கணினிகளிலும் சாவியிலும்கூடப் பதிகிறது. ஸ்கேனரில் எல்லாவற்றையும் படித்து ஒப்பிடுங்கள். அதோடு நான்கு டயர்களிலும் தயாரிப்புத் தேதியின் நான்கு இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் ஒரு செட் டயரின் விலையைக் கேட்கிற தொகையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள்.