பதினொரு பங்கும் ஒரு துலாவும்

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. பக்கத்தில் மாடு குடிக்கும் தொட்டி, தொட்டியோடு ஒட்டி மாடு உடம்பு உரசுகிற ஆவுரஞ்சிக்கல், நாலு எட்டுத் தள்ளி வழிப்போக்கர் சுமை இறக்கி வைக்கிற சுமைதாங்கி. தண்ணீர் இறைக்கும் ஏற்றமான துலாதான் நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில் ஊரே எழும்பிப் போகும்போது இருந்தது. அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால் துலாவைத் தாங்கும் ஆடுகால் இரண்டில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. மற்றதும் துலாவும் யாருடைய அடுப்பில் எரிந்ததோ.

போன வருசம் வீதி அகலிக்க அளவெடுத்தவர்கள் ஆவுரஞ்சிக்கல்லில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அதுவரைக்கும் அந்தக் கல்லை நானே ஒழுங்காகப் பார்த்ததில்லை. வருசம் முழுக்க ஓடுகிற ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற தண்ணீரைத் தூக்கித்தான் புகையிலையும் வெங்காயமும் விளைந்தன. தூக்கிக் கொடுத்தது துலா. மேலே இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கிணற்றடியில் ஒருவர் பட்டை என்ற இறைவாளியைப் பிடித்து ஊற்ற, தோட்டத்துக்குள் ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற, விடியப் புறம் தொடங்கினால் வெயில் ஏறும்வரை போகும். தண்ணி இறைக்கிற மெசின் வந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்தது. 1990களில் மண்ணெண்ணெய் கிடைக்காதபோது எங்கள் பக்கத்தில் சில துலாக்கள் திரும்ப ஏறின. நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்தது அதைத்தான்.

சரி, கிணற்றடியைக் காப்பாற்றுவோம் என்று சனசமூக நிலையத்தில் ஏழெட்டுப் பேர் கூடினோம். முதலில் சட்டத்தைப் பிடிக்கலாம் என்று யோசனை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தில் 1815 மார்ச் 2 என்று ஒரு தேதி இருக்கிறது. அதற்கு முந்தியது என்றால் புராதனச் சின்னம். எங்களுடையது எந்தக் காலம்? சுமைதாங்கியில் தேய்ந்த எழுத்து இருந்தது. கோதுமை மாவைப் பூசித் துடைத்துப் பார்த்தோம். ‘விகாரி வருசம்’ என்பதும் ‘உபயம்’ என்பதும் தெரிந்தன. சந்தோசத்தில் ஒருவர் கைதட்டிவிட்டார். பிறகுதான் உறைத்தது, விகாரி அறுபது வருசத்துக்கு ஒருமுறை வரும். 1899 ஆகவும் இருக்கலாம், 1839 ஆகவும் இருக்கலாம், 1779 ஆகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது என்றால் நாங்கள் வென்றோம். அதை நிரூபிக்க எங்களிடம் மாவைத் தவிர ஒன்றும் இல்லை.

கடைசியில் கை கொடுத்தது எதிர்வளவுக்காரி. “என்ர வேலியை மூண்டடி உள்ளுக்குப் போடுறன், வாய்க்காலை இந்தப் பக்கம் எடுக்கச் சொல்லுங்கோ” என்றார். காணித் துண்டுக்காக அண்ணன் தம்பி வழக்குக்குப் போகிற ஊரில் அப்படி ஒரு சொல்! அந்தக் கடிதத்தோடு ஊரார் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு இரண்டு மாதம் காணாமல் போய், கடைசியில் வேறு யாருடையதோ மதில் அனுமதிக் கோப்புக்குள் இருந்தது. சிவப்புக் கோடு நகர்ந்தது.

அதோடு பாதி முடிந்தது என்று நினைத்தேன். கிணறு யாருடையது என்ற கேள்வி அதன் பிறகுதான் வந்தது.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். காணி விவரத்தோடு ‘கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்’ என்று கட்டாயம் ஒரு வரி வரும். பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனமாகக் காணி எழுதும்போது கிணற்றுப் பங்கும் கூடப் போகும். அப்படிப் போய்ப் போய் எங்கள் கிணறு பதினொரு பங்கு. ஐந்து ஊரில், இரண்டு கொழும்பில், மூன்று ரொறன்ரோவில், ஒன்று பாரிசில். ரொறன்ரோக்காரருக்குப் போன் எடுப்பதென்றால் நான் விடிய ஐந்தரைக்கு எழும்ப வேண்டும், அவர்களுக்கு அப்போது முதல் நாள் இரவு எட்டு மணி. காசு எவ்வளவு வேண்டும் என்று கேட்டவுடனே அனுப்பினார்கள். கையெழுத்துக் கேட்டால் “அம்மாவோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்று இழுத்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. துலாவுக்கு என்று போட்ட கையெழுத்து நாளைக்கு வேறு எதற்காவது போகாது என்று யார் உத்தரவாதம்? கடைசியில் உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவர் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தார்: உரிமை மாறாது, திருத்த மட்டும் சம்மதம். அதற்குப் பிறகு பத்துக் கையெழுத்து மளமளவென்று வந்தன. பாரிஸ் பங்குக்காரர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இன்னும் உறுதி மாற்றவில்லை. அந்த இடம் இன்றைக்கும் வெறுமை.

அடுத்த கூட்டத்தில்தான் பின்வாங்கில் இருந்த ஒரு பெரியவர் எழும்பினார். “தம்பி, எல்லாரும் சேர்ந்து காப்பாத்துவம் எண்டுறியள். உந்தக் கிணத்தில எங்களை அள்ள விட்டவையே? என்ர ஆச்சி குடத்தோட நிண்டு, ஆரும் வந்து ஊத்துமட்டும் பாத்துக்கொண்டு நிப்பா.”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாதி சொல்லிப் பொது இடத்தில் தடுப்பது குற்றம் என்று 1957 இல் சட்டம் வந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பிறகும் பல வருசம் அந்தக் குடம் காத்து நின்றிருக்கிறது. “அது பழைய கதை, விடுங்கோ அண்ணை” என்று ஒருவர் தொடங்கினார். பழையதைக் காப்பாற்றத்தானே கூடியிருக்கிறோம் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று இரவு பத்து மணிவரை இழுபறி. கடைசியில், கிணற்றடியில் வைக்கிற பலகையில் அதையும் எழுதுவதென்று முடிவானது. இரண்டு பேர் அன்றோடு கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். பெரியவரின் மகன் அடுத்த ஞாயிறு சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்தான்.

துலாவுக்கு ஒரு பனை வேண்டும். பனை நாட்டில் அதற்கென்ன குறை என்றுதான் நினைத்தோம். பனை தறிக்க அனுமதி வேண்டும். விண்ணப்பம் எழுதி, கிராம சேவையாளர் வந்து மரத்தைப் பார்த்து, பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வர மூன்று கிழமை. ஒரு பழமையைக் காப்பாற்ற ஒரு பழம் பனையை விழுத்துகிறோம் என்று என் மனைவி பகிடி பண்ணினாள். மறுபேச்சு என்னிடம் இல்லை. பத்து வடலிப் பனங்கன்று நட்டோம், அவ்வளவுதான்.

மரம் வந்த பிறகு அதைக் கட்டத் தெரிந்தவர் இல்லை. தச்சு வேலைக்காரர் பூவரசில் இன்னொரு ஆடுகால் செய்து தந்தார், துலா ஆடுகிற அச்சுலக்கையும் போட்டார். சமநிலை வைக்க அவருக்குத் தெரியவில்லை. இளம் வயதில் துலா மிதித்த ஐயா ஒருவரைக் கதிரையில் வைத்துத் தூக்கிவந்தோம். அவர் மரத்தைத் தொடவே இல்லை. நுனியில் கட்டிய வாளி தண்ணீரோடு எழும்பும்போது கயிற்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். “பாரம் காணாது. கல்லுக் கட்டுங்கோ.” ஒரு கல். “இன்னும்.” இரண்டாவது. மூன்றாவது கல்லுக்கு வாளி கையை மீறி மேலே பாய்ந்து, பக்கத்தில் நின்ற பெடியனின் நாடியில் இடித்தது. ஐயா சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் ஆடியது. மூன்றாவதை எடுத்து அதில் பாதிக் கல் கட்டினோம். கயிறு அவர் விரலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. “இப்ப சரி.”

நைலோன் கயிறு போட அவர் விடவில்லை, கையை அறுக்குமாம். தும்புக் கயிறு மழையிலும் வெயிலிலும் கிடந்து கெதியில் இற்றுவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறோம். தையில் எங்கள் முறை. கயிற்றுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.