கரண்ட் வந்ததும் எது முதலில் எழும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மின்வெட்டு முடிந்து விளக்கு எரிந்ததும், சாட்ஸ்வர்த் பக்கத்துச் சின்னக் கணக்கர் அலுவலகத்தில் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக எழும்பும். எஸ்எஸ்டி வட்டு போட்ட லினக்ஸ் மேசைக் கணினி அரை நிமிடத்தில் தயார். கோப்புகளை வைத்திருக்கும் சர்வரோ ரெய்டு முறையில் ஒன்றாகச் சேர்த்த வட்டுகளைச் சரிபார்த்து எழ ஐந்து நிமிடம்கூட எடுக்கும். வீட்டுக்காரர் கண் விழிக்குமுன் விருந்தாளி கதவைத் தட்டுகிற கதை.

சர்வரின் கோப்புறையை என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் முறையில் மேசைக் கணினியின் ஒரு கோப்புறையில் இணைப்பதை ‘மவுண்ட்’ என்பார்கள்; எதை எங்கே இணைப்பது என்ற பட்டியல் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கும். அதில் ‘டிஃபால்ட்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும், என்எஃப்எஸ் என்ற வகையைப் பார்த்தே, லினக்ஸின் சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி, நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும். அதற்கென்று ‘_நெட்டெவ்’ (இதற்கு நெட்வொர்க் வேண்டும் என்ற குறிப்பு) சேர்க்கத் தேவையில்லை. சிக்கல் வேறு இடத்தில். நிலையான ஐபி உள்ள கணினி, கேபிளில் பச்சை விளக்கு எரிந்ததுமே நெட்வொர்க் வந்துவிட்டதென்று நம்பிவிடும். அப்போதுதான் எழுந்த சுவிட்ச், பழைய ஸ்பானிங் ட்ரீயில் (நெட்வொர்க்கில் தகவல் சுற்றிச் சுழலாமல் காக்கும் முறை) இயங்கினால், போர்ட்டை இரண்டு கட்டமாக 15, 15 என 30 விநாடி நிறுத்தி வைக்கும். மவுண்டுக்குச் சிஸ்டம்டி வழக்கமாகத் தருவது 90 விநாடி. மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. லாகின் திரையும் அதுவரை காத்துக் கிடக்கும். கணினி செருகிய போர்ட்டுகளில், அந்த 30 விநாடியைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

பலர் உடனே கை வைப்பது எஃப்எஸ்டேப்பின் ‘நோஃபெயில்’ குறிப்பில். மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் (கணினி கிளம்புவது) தடையின்றி முடியும், ஆனால் அது மட்டும் இருந்தால் ஆபத்து. மவுண்ட் ஆகாத கோப்புறை வெறும் கோப்புறைதானே! இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே எழுதித் தள்ளும், கணினியின் சொந்த வட்டான ரூட் வட்டு நிரம்பும். மறுநாள் மவுண்ட் ஆனதும் எழுதியவை அதற்கடியில் மறைந்துவிடும். வட்டில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டும் கணக்கும், கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளை காட்டும் கணக்கும் ஒத்துவராது. வட்டில் இடம் எங்கே போயிற்று என்று தேடுபவர்கள் முதலில் அன்மவுண்ட் செய்து பார்க்க வேண்டும்.

இதற்கு ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ நல்ல வழி. பூட்டின்போது மவுண்ட் செய்யாது. யாராவது கோப்புறையைத் தொட்டால்தான் செய்யும். சர்வர் இல்லையென்றால் ஸ்கிரிப்டுக்குப் பிழைதான் கிடைக்கும், எழுத இடம் கிடைக்காது. கூடவே ‘எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=30’ போட்டால் யாரும் அதிக நேரம் உறைந்து நிற்க வேண்டியதில்லை. சர்வர் பதில் தரும்வரை விடாமல் முயலும் ‘ஹார்ட்’டை மட்டும், சில முயற்சிக்குப் பின் கைவிடும் ‘சாஃப்ட்’ ஆக்காதீர்கள். பாதி எழுதிய கணக்குக் கோப்பு கெட்டுப்போகலாம். சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் ‘டைமியோ=600’ என்றால் 600 விநாடி அல்ல, 60; பத்தில் ஒரு விநாடிதான் அதன் அலகு.

சர்வரிலும் இதே பொறி உண்டு. தரவு வட்டு மவுண்ட் ஆகுமுன் என்எஃப்எஸ் சேவை கிளம்பினால், காலிக் கோப்புறையைத்தான் பகிரும். எதைப் பகிர்வது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் வரியில் ‘எம்பி’ (மவுண்ட்பாயின்ட்) சேர்த்தால், வட்டு ஏறாதவரை பகிராது. சர்வர் எழுந்த பிறகும் என்எஃப்எஸ் 4-இல் கோப்புகள் மீதிருந்த பழைய பூட்டுகளை (லாக்) மீட்க 90 விநாடி வரை சலுகைக் காலம் உண்டு. அப்போது கோப்பு திறக்காமல் நின்றால் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் அந்த 90 மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எஃப்எஸ்டேப்பை மாற்றியதும் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கட்டளை கொடுத்து, சிஸ்டம்டியை அதைப் படிக்க வையுங்கள். பிறகு சர்வரை அணைத்து வைத்துவிட்டு ஒரே ஒரு கணினியை மட்டும் பூட் செய்து பாருங்கள்.