கடிபட்ட 1943 சதம்

மூன்று கிழமையாக இழுபட்ட வழக்கு நேற்று முடிந்தது. அம்மம்மாவின் தகரப்பேணியில் கிடைத்த ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து இலங்கை ஒரு சதத்தின் ஓரத்தில் பிறை போல ஒரு கடி. மாமா பார்த்த அன்றே, "ஆரோ வேலையில்லாதவன் அராவியிருக்கிறான் தம்பி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இல்லை, அது நாணயசாலையிலேயே வந்த குறைதான்.

கடியின் உட்பக்கமும் முகமும் ஒரே கறுப்பாக இருந்திருந்தால் அரை நிமிட வேலை. ஆனால் யாரோ புளி போட்டு மினுக்கிவிட்டார்கள். (யாரென்று தெரியும். வீட்டுச் சமாதானத்துக்காக விடுகிறேன்.) நிறையும் பார்த்தேன்: மற்ற மூன்று 1943 சதங்கள் 2.3 கிராமுக்குச் சற்று மேல், இது 2.2. அராவினாலும் நிறை குறையும்தானே, பிரயோசனமில்லை.

இன்னொரு சதத்தைக் கடிக்குள் வைத்தேன், அச்சொட்டாகப் பொருந்தியது. நாணய வில்லைகளை வெட்டும் தகடு சரியாக நகராமல், முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழுந்தால் இந்த வளைவுதான் வரும். ஆனால் அளவாக அராவும் விண்ணர்களும் இருக்கிறார்கள்.

அதனால் கடிக்கு நேரெதிர் விளிம்பைப் பார்க்கவேண்டும். வெட்டிய வில்லையை உருட்டி நெருக்கித்தான் விளிம்பை உயர்த்துவார்கள். ஒரு பக்கம் குறைந்தால் எதிர்ப்பக்கத்துக்கு நெருக்கம் கிடைக்காது, அங்கே விளிம்பு சரியாக உயராது. இதைத்தான் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். பத்து நாளாக அது என் கண்ணில் படவே இல்லை. மேலிருந்து அடிக்கும் எல்இடி வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகத்தான் தெரிந்தது. கரண்ட் போன இரவில் ரோச்சை மேசையில் படுக்க வைத்துவிட்டு, போத்தல் மூடியின் மேல் சதத்தை மெல்லச் சுழற்றினேன். விளிம்பின் நிழல் சுற்றி வந்து, கடிக்கு நேரெதிரே அரிசிமணி அளவுக்கு அறுந்தது! மற்ற மூன்றிலும் நிழல் அறவில்லை. அப்போ தேய்மானமும் இல்லை.

இணையத்தில் வாங்கிய '30 மடங்கு' கண்ணாடியை நம்பவேண்டாம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்யும் அண்ணர் ஒருவர் தந்த பழைய 10 மடங்கு லூப்தான் (நகைக்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடி) கைகொடுத்தது.

அடுத்து, யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசுகள். அவற்றில் நந்தி பாதி வெளியே போயிருந்தால் அபூர்வக் குறை என்று துள்ளாதீர்கள். கையால் அடித்த காசு அப்படித்தான் இருக்கும்.

அறுந்த நிழல் இன்னும் படத்தில் விழவில்லை. ஒரு கையில் போனையும் மறுகையில் ரோச்சையும் பிடித்தால் மூடியைச் சுழற்றக் கையில்லை. இன்றிரவு ரோச் பிடிக்க மாமாவைத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.