காய்ச்சல் நாளுக்கு யார் பேர் போடுவது?

கொரோனா தடுப்பூசிக்குப் பயந்தவர்கள் எல்லாம் விவரம் தெரியாத சனங்கள் என்று இன்றைக்கும் யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. நான் குன்னூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். பகலில் கடை கவுன்டரில் நான் கேட்டதையும், ராத்திரி எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் கேட்டதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பேச்சு பொருந்தவே இல்லை.

ஊசி என்பது எங்கள் ஊருக்குப் புதுசு கிடையாது. சிம்ஸ் பார்க்குக்கு எதிரே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-ல் தொடங்கியது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அப்போது தென்னிந்தியாவில் அதற்கு மருந்து கிடைக்கும் இடமே இல்லை. அப்புறம்தான் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த ஒரு லட்ச ரூபாயைக் கொண்டு இது உருவானது. நாய்க்கடி ஊசி மட்டுமில்லாமல், குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி வராமல் போடும் முத்தடுப்பு ஊசியும் இங்கே தயாரானது. என் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் கண்டிப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்தவர். நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவர். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து எவ்வளவு வலித்தது என்று சொல்வாரே தவிர, அது வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் லைனில் அப்படிப் பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு.

அப்படிப்பட்ட சனம் 2021-ல் ஏன் தயங்கியது?

அந்த வருடம் ஜனவரி 16-ல் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொடங்கி, ஏப்ரல் 1-லிருந்து 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஊசி வந்தது. கடைக்கு வரும் எஸ்டேட் அக்காமார் என்னிடம் முதலில் கேட்டது, “காய்ச்சல் வருமாமே பாப்பா, எத்தனை நாளைக்கு இருக்கும்?” என்றுதான். செத்துப்போவோமா என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். காய்ச்சல் அநேகமாக மறுநாள் வரும், ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும், பாரசிட்டமால் போதும் என்று சொல்வேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாதான் எனக்குப் புரியவைத்தார். “ஒண்ணு ரெண்டு நாள்னு சுலபமாச் சொல்ற. அந்த ரெண்டு நாளுக்கு யாரு பேர் போடுவா?” எஸ்டேட்டில் பேர் என்றால் ஒருநாள் வேலைக்கான பதிவு. மலை ஏறாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பேர், காய்ச்சலுக்கு இன்னொன்று. இரண்டாவது டோஸுக்கு மறுபடியும் அதே கணக்கு. கணவன், மனைவி இருவரும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு இருவருமே படுத்துவிட்டால் அந்த வார மளிகைக்கு என்ன செய்வது? ஊசி இலவசம் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதைப் போட்டுக்கொள்வதற்கு ஆகும் செலவை அந்தப் போஸ்டர் சொல்லவில்லை.

இது போதாது என்று நடிகர் விவேக் இறந்தார். ஏப்ரல் 15-ல் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டு, “நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொன்னவர், 17-ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாயில் அடைப்பு என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னால் சொன்னது. ஆனால் அந்த அறிக்கை வந்தது அக்டோபரில். வாட்ஸ்அப்பில் வந்த வதந்திக்கு ஆறு மாதமா வேண்டும்? அந்த வாரம் கடையில் அவரைப் பற்றிப் பேசாத ஆளில்லை. மரம் நடச் சொன்ன மனிதர் என்று அழுதவர்களையும் பார்த்தேன். அந்தத் துக்கம் உண்மையானது. அதிலிருந்து வந்த பயத்தை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கோவிஷீல்டு ஊசியின் இரண்டு டோஸுக்கும் நடுவே இடைவெளியை முதலில் 28 நாள் என்றார்கள். பிறகு 6 முதல் 8 வாரம், மே மாதத்தில் 12 முதல் 16 வாரம். “அவங்களுக்கே தெரியல, நமக்கு எப்படிப் போடுறாங்க?” என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடுதலாக வருவதாக ஆய்வில் தெரிந்தது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். எதிரே நின்று பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும், பலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

முகக்கவசத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விலை வைத்தது. ஒருமுறை போட்டுத் தூக்கியெறிய வேண்டிய பொருள். ஐந்து பேர் உள்ள வீட்டில் தினமும் 50 ரூபாய்க்கு எங்கே போவது? துவைத்துத்தான் போட்டார்கள். மழைக்காலத்தில் குன்னூரில் துணி காயாது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் விறகடுப்புக்கு மேலே கம்பியில் மாட்டிக் காயவைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நீலம் பழுப்பாகி, மூக்குக் கம்பி ஒரு முனையில் வெளியே துருத்திக்கொண்டு, காதுக்கயிறு தளர்ந்து முடிச்சுப் போட்டிருக்கும். போட்டால் மூச்சு முழுக்கப் புகை வாசனை. அதைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்கு கட்டி, கொழுந்துச் சுமையோடு சரிவில் ஏறிப் பாருங்கள். பனிமூட்டமும் மூச்சும் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் துணி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா தாடைக்கு இறக்கிவிட்டுக்கொள்வார், எடை போடும் இடம் வந்ததும் மேலே ஏற்றிக்கொள்வார். திறந்த மலையில் தள்ளித் தள்ளி நின்று கொழுந்து எடுக்கும்போது இறக்கியதில் பெரிய ஆபத்து இல்லை. எடை போடும் இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போதுதான் அது மூக்கில் இருக்க வேண்டும். அவர்களே கண்டுபிடித்த அந்த வழக்கம் சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எனக்கு வருத்தம் தந்த வழக்கம் வேறு. வெளியூர்க்காரர்களைக் கண்டால் மாஸ்க் போடுவோம், சொந்தக்காரர்களைக் கண்டால் கழற்றிவிடுவோம். இ-பாஸ் வாங்கி மேலே வரும் கார்களைப் பார்த்து, அவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும்போது யார் முகத்திலும் துணி இல்லை. முகத்தை மூடிக்கொண்டு துக்கம் விசாரித்தால் மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

ஊசி விஷயத்தில் நிலைமை மாறியது 2021 ஜூனில். எங்கள் பக்கம் நர்சம்மா ஒருவர் சனிக்கிழமை மாலை, கொழுந்து எடை போட்டு முடிந்த பிறகு லைனுக்கே வந்தார். ஒரு குப்பியில் 10 பேருக்கு மருந்து இருக்கும், திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் பத்துப் பேர் சேரும்வரை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். செல்போன், ஓடிபி எல்லாம் அவரோடு வந்தவர்களே பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மாத்திரையும் கொடுத்தார். மறுநாள் ஞாயிறு. காய்ச்சல் வந்தவர்கள் படுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பெரும்பாலானவர்கள் மலைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பேர் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் கூப்பிடாமலே ஆட்கள் வந்து நின்றார்கள், அம்மாவும்தான். மருந்து அதேதான். வந்த நாளும் வந்த விதமும்தான் வேறு.

இதே நீலகிரியில்தான் அந்த ஜூன் முடிவதற்குள் 18 வயதைத் தாண்டிய பழங்குடி மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் டோஸ் போட்டு முடித்தார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று அத்தனை பேரின் ஊர்களுக்கும் சுகாதாரத் துறை ஆட்கள் தேடிப்போனார்கள். சில ஊர்களுக்கு ஜீப்கூடப் போகாது. நடந்து போனவர்களை நான் பெரிதாக மதிக்கிறேன். செப்டம்பரில் டாஸ்மாக்கில் பாட்டில் வாங்க ஊசிச் சான்றிதழ் கேட்டார்கள். அதனாலும் சிலர் போட்டுக்கொண்டார்கள், சரி. ஆனாலும் அந்த நர்சம்மா வாசலில் உட்கார்ந்த வழிதான் எனக்குப் பிடித்த வழி.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு முறை போக வேண்டும். மருந்துக்குக் காசில்லை. ஆனால் இரண்டு ஊசியோடு நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஏன் அக்கா என்று கேட்டால், “பேர் போயிருமே” என்கிறார்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்கவைக்க இன்றும் வைத்தியம் கிடையாது. நான் மாத்திரைக் கவரின் பின்னால் தேதிகளைப் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன், என்னால் முடிந்தது அது. எஸ்டேட் நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்கிறேன்: ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுபவர்களுக்கு அந்த நான்கு நாளும் முழுப் பேர் போடுங்கள்.