எட்டு நிமிடங்களுக்குள் அப்புச்சி

கனடாவில் மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது எனக்கு 38 வயது. விடுப்பில் ஊருக்கு வந்து, காங்கேயத்துக்கு அருகே அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) தோட்டத்தில், மாட்டுப் பொங்கலன்று கொண்டாடும் பட்டிப் பொங்கலுக்காக மண்ணில் சிறு தெப்பக்குளம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எழுதும் நீட் தேர்வை மட்டுமே அறிந்திருந்த மாமாவுக்கு, ஒரு பட்டம் பெற்று, வேலை பார்த்து, பிள்ளை பெற்ற பிறகும் அங்கே விண்ணப்பிக்கலாம் என்று புரியவைக்கவே ஒரு மாலைப்பொழுது போயிற்று. "முடிக்கறப்ப உனக்கு என்ன வயசாகும் கண்ணு?" என்றார். படிப்பு நான்கு ஆண்டுகள், குடும்ப மருத்துவராகப் பயிற்சி இரண்டு ஆண்டுகள் என்றேன். "நாப்பத்தஞ்சு" என்று அவரே கூட்டிச் சொல்லிவிட்டு, மடை மாற்ற எழுந்து போனார்.

என் வழி நேரானதன்று. கோயம்புத்தூரில் வேதியியல் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் நிறம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதோடு அந்த வேலையும் போயிற்று. 2016இல் கணவருடன் ஒன்டாரியோவுக்குக் குடிபெயர்ந்து, முதியோர் இல்லமொன்றில் குளிப்பாட்டவும் உணவூட்டவும் உதவும் பணியாளரானேன். மருத்துவம் படிக்கும் எண்ணம் அங்கேதான் வந்தது. மருத்துவக் கல்லூரிகளில் சேர்வதற்கான எம்கேட் தேர்வை இருமுறை எழுதினேன் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த நேர்முகத் தேர்வின் வடிவம் கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. ஒரே குழுவின் முன் நெடுநேரம் அமர்வதற்குப் பதிலாக அறை அறையாக மாற வேண்டும். பொதுவாக, கொடுக்கப்பட்ட சூழலை வாசிக்க இரண்டு நிமிடம், பேச எட்டு நிமிடம். ஒவ்வோர் அறையிலும் வேறொரு மதிப்பீட்டாளர் இருப்பதால், ஓர் அறையில் சொதப்பியது அடுத்த அறைக்குத் தெரியாது. இப்போது பல இடங்களில் இது காணொளியிலேயே நடக்கிறது.

டொராண்டோவிலிருந்த இரண்டு விண்ணப்பதாரர்களோடு தினமும் ஒத்திகை பார்த்தேன். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால் எனக்கு மறுநாள் காலை ஆறரை. சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மொட்டைமாடியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருப்பேன். சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1962இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு, 1984இன் கனடா சுகாதாரச் சட்டம், பழங்குடி மக்களுக்கு நேர்ந்த அநீதிகளை விசாரித்த ஆணையம் 2015இல் முன்வைத்த 94 அறைகூவல்கள் ஆகியவற்றையெல்லாம் படித்து வைத்திருந்தேன். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் இரண்டாண்டு இருந்தவளுக்கு மனப்பாடம் ஒரு சுமையா என்ன?

ஒத்திகையில் நான் தடுக்கி விழுந்தது வேறிடத்தில். முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மகன் கேட்கிறார். மருத்துவராக நீங்கள் என்ன செய்வீர்கள்? நோயாளியின் உரிமை என்று தொடங்கியவள் மூன்றாவது நிமிடத்தில் நின்றுவிட்டேன். 2013இல் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) பயாப்ஸி அறிக்கையை, ஆங்கிலம் தெரிந்தவள் என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். அதைத் திண்ணையில் தோழியிடம் சொல்வதுபோல், "எங்கள் வீட்டிலும் நாங்கள் இப்படி மறைத்தோம்" என்று திரையில் சொன்னேன். "நாங்கள் என்றால் யார்?" என்று எதிரிலிருந்த பெண் கேட்டார். நம் பேச்சில் குடும்பத்துக்குப் பின்னால் நின்றுகொள்வது மரியாதை. அங்கே அது பதிலைத் தட்டிக்கழிப்பதாகப் படுகிறது. "அல்சருங்க அப்புச்சி" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது நான்தான். அவர் தலையாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் தரகரை வரச்சொல்லி, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி, தாம் வளர்த்த காங்கேயம் காளைகள் இரண்டையும் விற்றுவிட்டார்.

ஒத்திகையில் நின்றுவிட்ட அன்று மாலை, அப்புச்சிக்குத் தெரிந்திருந்ததா என்று அம்மிச்சியிடம் கேட்டேன்.

"தெரியாமயா காளைய வித்தாரு?"

"அப்புறம் ஏனுங்க அம்மிச்சி எங்ககிட்டக் கேக்கல?"

"கேட்டா புள்ளைக சங்கடப்படும்னு சொன்னாரு."

அதன்பின் என் பதில் மாறியது. முதியோர் இல்லத்தில் புதிதாக வருபவரிடம், தம் உடல்நிலை பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று செவிலியர் முதலில் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; அப்புச்சியிடம் அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மகனைக் குற்றவாளியாக்காமல் அவருடைய அச்சத்தை முதலில் கேட்டறிவதையும், பிறகு நோயாளியிடமே அந்தக் கேள்வியை வைப்பதையும், நான் செய்த தவற்றை 'நான்' என்றே சொல்வதையும் எட்டு நிமிடத்துக்குள் அடக்க ஒன்பது காலைப்பொழுதுகள் பிடித்தன.

தேர்வில் என்ன கேட்டார்கள் என்பதை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பதால் அதை இங்கே எழுத முடியாது. முடிவு மே மாதத்தில் தெரியும். மாமா இப்போதெல்லாம் தொலைபேசியில் வயதைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே பனி விட்டுவிட்டதா என்று மட்டும் கேட்கிறார்.