வீட்டுக் கணினியில் குழாய் ஓர்கன்

கிளிநொச்சிப் பக்கம் வீட்டில் ஓர்கன் வாசிக்க 61 கட்டை மிடி கீபோர்ட் (கணினியோடு இணைக்கும் இசைப்பலகை), லப்டொப், கிராண்ட்ஓர்க் என்ற இலவச மென்பொருள் போதும். உண்மையான ஓர்கனின் குழாய்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்த ஒலித்தொகுதியை அது கணினியின் தற்காலிக நினைவகமான ராமில் ஏற்றிக்கொள்ளும். 24 பிட்டுக்குப் பதில் 16 பிட்டில் ஏற்றினால் ராம் மிஞ்சும்.

பஃபரை, அதாவது கணினி ஒலியை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் அளவை, 256 மாதிரிகளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 5.3 மில்லிசெக்கன் தாமதம். 1024 என்றால் 21ஐத் தாண்டும், வேகமான ஃபியூக்கில் (ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்தும் இசைவடிவம்) விரல் முன்னே, சத்தம் பின்னே. சத்தம் 'டிக் டிக்' என்று வெடித்தால் முதலில் பொலிஃபனி எல்லையை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகளின் எண்ணிக்கையை, குறையுங்கள். கட்டையை விட்ட பிறகும் தேவாலய எதிரொலி செக்கன் கணக்கில் நீளும். அந்த வால்கள்தான் ப்ரொசஸரைத் தின்கின்றன.

ஓர்கனில் கட்டையைப் பலமாய் அடித்தாலும் சத்தம் அதிகமாகாது. கட்டையை எப்போது விடுகிறீர்கள் என்பதில்தான் சுரங்களைப் பிரித்துக் காட்டும் தெளிவே இருக்கிறது, அதற்காக மெதுவாய்ப் பழகுங்கள்.

16 அடி ஸ்டொப் என்ற குழாய் வரிசையின் மிகக் கீழான 'சி' சுரம் சுமார் 33 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் கேட்காது. சப்வூஃபர் வைத்தால் தகரக் கூரையின் ஆணிகளும் சேர்ந்து கிறுகிறுக்கும். நல்ல ஹெட்போனே திறம்.

எர்த் இல்லாத சார்ஜரால் இரைச்சல் வந்தால், அதைக் கழற்றி பற்றரியில் வாசித்துப் பாருங்கள். செம்மண் தூசிக்குக் கீபோர்டைத் துணியால் மூடி வையுங்கள். உள்ளே போனால் கட்டை அழுத்தியும் பேசாது.